லுக்குட் சாவடிக்கு முதல் கை

லுக்குட்,
20-2-1934

அன்புள்ள நீலாவுக்கு,

மாமா அனுப்பிய ஆள் வந்து சேர்ந்தான். பெண் குழந்தை, தாயும் பிள்ளையும் சுகம் என்று அவன் சொன்னதும் தோட்டத்து ஆபீசிலேயே எழுந்து நின்றுவிட்டேன். துரை என்ன ஏது என்று கேட்டார். சொன்னதும் கை குலுக்கினார். அன்று சாயங்காலம் தொழிலாளர் லயத்தில் எல்லாருக்கும் சர்க்கரை கொடுத்தேன். உன் உடம்பு எப்படி இருக்கிறது? பத்தியம் பத்தியம் என்று அத்தை உன்னைப் பட்டினி போட்டுவிடாமல் பார்த்துக்கொள்.

உடனே ஓடிவர வேண்டும் என்றுதான் இருக்கிறது. இந்தச் சாவடி வேலை காலைக் கட்டிப் போட்டிருக்கிறது. லுக்குட் கடைத்தெருக் கோடியில் இருக்கிற பழைய சாவடியை நீ பார்த்திருக்கிறாய். ஈயம் தோண்டிய காலத்தில் ஒரு மரைக்காயர் இடம் கொடுக்க, காப்பித் தோட்டத்துக்கு முதன்முதல் வந்த நம் ஆட்கள் செங்கல் சுமந்து கட்டியது. வழிநடைக்காரர் யாரானாலும் படுத்து எழுந்து போகலாம். இப்போது பாதிக்கூரையில் ஓடு இல்லை. மிச்சப் பாதிக்குக் கீழே ஆடு படுக்கிறது. வருஷக் கடைசிக்குள் செப்பனிடாவிட்டால் இடித்துவிடுவதாகச் சர்க்கார் நோட்டீசு ஒட்டியாகிவிட்டது. மளிகைக்கடை சைபுதீன் பாயும் நானும் சேர்ந்து நிதி வசூலிக்கக் கமிட்டி போட்டோம். அவர் பொக்கிஷதார், நான் காரியதரிசி. மெம்பர்கள் பன்னிரண்டு பேர். கூட்டத்துக்கு வருவது நாங்கள் இரண்டு பேரும் தேத்தண்ணியும்தான். நம் ஆட்களிடம் போனால், "அது பாய்மார் சாவடி, அவங்களே பாத்துக்கட்டும்" என்கிறார்கள். பாய் தம் ஆட்களிடம் போனால், "அது தோட்டத்து ஆளுங்க சாவடி" என்கிறார்களாம். ஆடு மட்டும் பேதம் பார்ப்பதில்லை.

உனக்கு என்ன இத்தனை அக்கறை என்று நீ கேட்பாய். நானும் அம்மாவும் கப்பலை விட்டு இறங்கி நடந்து வந்தபோது அம்மா காய்ச்சலில் அங்கேதான் கிடந்தாள். மாமா தேடி வந்து என்னைத் தோளில் தூக்கிப் போகும்வரை கஞ்சி ஊற்றினவர்கள் யாரென்றுகூட எங்களுக்குத் தெரியாது. அதை இடிக்க விட்டுவிட்டு அந்த வழியாக நான் எப்படி நடப்பேன்?

மாமாவிடம் ஒரு காரியம் ஆக வேண்டும். நம் ஜனங்கள் வழக்கம் உனக்குத் தெரியும். நன்கொடைப் பட்டியலில் முதல் கை பெரிய மனிதர் கை. அவர் எழுதிய தொகைக்கு மேலே மற்றவர்கள் எழுத மாட்டார்கள். எழுதினால் அவரை இறக்கின மாதிரி. ஆகவே முதல் கை தாராளமாக இருக்க வேண்டும். மாமா ஐம்பது வெள்ளி எழுதினால் பெடாஸ் பக்கத்துக் கங்காணிகள் எல்லாரும் நாற்பது, முப்பது என்று வருவார்கள். நீ பக்குவமாகச் சொல்லி வை. மார்ச் பதினொன்று ஞாயிறு உங்கள் தோட்டத்துக் கோயில் முற்றத்தில் கூட்டம். அப்படியே குழந்தையையும் பார்த்ததாக ஆகும்.

ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். நம் மகள் அப்படி வளரட்டும்.

உன்
தங்கராஜு


பெடாஸ்,
1-3-1934

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. நாலு பக்கத்தில் சாவடிக்கு மூன்றரை, எங்களுக்கு அரை. கிடைத்தவரை லாபம் என்று இரண்டு தடவை படித்தேன்.

தன் பிள்ளை தானே வளர்ந்துகொண்டுதான் இருக்கிறாள். நிறம் உங்களைப் போல, கோபம் அப்பாவைப் போல. பாலுக்கு ஒரு நிமிஷம் தாமதித்தால் லயமே எழுந்து வந்துவிடுகிறது. இன்னும் எல்லாரும் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை வருகிறீர்களே, இரண்டொரு நாள் தங்கினால் முப்பதாம் நாள் வந்துவிடும். பெற்றவர் மூன்று தரம் காதில் சொல்லித்தான் பெயர் வைக்க வேண்டும் என்று அம்மா சொல்கிறாள். யோசித்து வையுங்கள். உங்கள் அம்மா பெயரை வைத்தாலும் எனக்குச் சம்மதம். அவர்கள் பெயர் கொஞ்சம் பழசு, ஆனாலும் பரவாயில்லை.

அப்பாவிடம் சொன்னேன். "எம்புட்டு எழுதணுமாம்?" என்று கேட்டார். ஐம்பது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உங்கள் இஷ்டம் அப்பா என்று சொல்லிவிட்டேன். மருமகன் தன்னைத்தான் முதல் கைக்குக் கேட்டிருக்கிறார் என்று தெரிந்ததிலிருந்து அவர் தரையில் நடக்கவில்லை. கடையில் புதுத்துண்டு வாங்கி வைத்திருக்கிறார். தம்பி முனியாண்டியை அனுப்பிப் பக்கத்துத் தோட்டத்துக் கங்காணிகளுக்கெல்லாம் சொல்லிவிட்டார்.

சீக்கிரம் வாருங்கள். பாப்பாவுக்கு மஞ்சள் சட்டை தைத்திருக்கிறேன்.

உங்கள்
நீலாவதி


லுக்குட்,
12-3-1934

நீலாவுக்கு,

நேற்று நடந்ததை நீ யார் யார் வாயிலாகவோ கேட்டிருப்பாய். என் வாயாலும் கேள்.

கூட்டம் நன்றாகத்தான் கூடியது. சைபுதீன் பாயும் நானும் கோரைப்பாய் விரித்து, தாம்பாளம் வைத்து, பட்டியலை நடுவில் வைத்தோம். மாமா புதுத்துண்டு போட்டுக்கொண்டு முதலில் உட்கார்ந்தார். "எழுது மாப்ளே, நல்லசாமி கங்காணி, பத்து வெள்ளி" என்றார். என் காது சரியாக இல்லையோ என்று மறுபடி கேட்டேன். பத்துதான். எழுதினேன், அவர் கைநாட்டு வைத்தார்.

அடுத்தவர் மாயாண்டி கங்காணி. ஐம்பது வெள்ளியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்தவர். என் காதுக்குப் பக்கத்தில் குனிந்து, "என்னா தம்பி செய்யிறது, பெரியவரைத் தாண்டலாமா?" என்றார். ஒன்பது எழுதினார். அதற்கு அடுத்தவர் எட்டு. அப்புறம் ஆறு, நாலு என்று படிக்கட்டு இறங்குகிற மாதிரி இறங்கினார்கள். கடைசி ஆள் ஒரு கோழி எழுதினான். அதையும் கொண்டு வரவில்லை, முட்டைக்கு உட்கார்ந்திருக்கிறதாம்.

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. மழைக்காலத்துக்கு முன்னால் கூரை போட வேண்டும். இந்தப் பணத்தில் ஆட்டுக்குத்தான் கொட்டகை போடலாம். பட்டியலைக் கையில் எடுத்தேன். "காரியதரிசி தங்கராஜு, பதினோரு வெள்ளி" என்று எழுதி உரக்கப் படித்தேன்.

மாமா எழுந்தார், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அவர் தலை மறைந்ததும் மாயாண்டி, "அப்படின்னா நம்மளும் பாப்போம்" என்று ஒன்பதை அடித்துவிட்டு ஐம்பது போட்டார். அப்புறம் ஒருவர் விடாமல் அடித்து அடித்து எழுதினார்கள். என் ஒரு வெள்ளியால்தான் சாவடி பிழைத்தது. இதில் நான் செய்த தப்பு என்ன? பொதுக் காரியத்தில் மாமனும் மச்சானும் பார்த்தால் எந்தச் சுவர் எழும்பும்?

உங்கள் லயம்வரை வந்தேன். அதற்கு மேலே கால் வரவில்லை. ஐந்து மணி ரயிலுக்குப் போய்விட்டேன். நீ மாமாவுக்கு எடுத்துச் சொல்.

தங்கராஜு


பெடாஸ்,
17-3-1934

அத்தானுக்கு,

கதவு திறந்தேதான் இருந்தது. நான் மஞ்சள் சட்டை போட்ட பாப்பாவை வைத்துக்கொண்டு பின்வாசலில் நின்றிருந்தேன். உங்கள் முதுகைப் பார்த்தேன். கூப்பிட்டிருப்பேன், வாசலில் அப்பா உட்கார்ந்திருந்தார். வைத்த பாயசத்தை அம்மா பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு ஊற்றிவிட்டாள்.

அப்பா கஞ்சன் இல்லை. ரப்பர் விலை விழுந்த இரண்டு வருஷத்தில் அப்பாவின் கீழ் வேலை செய்த கும்பலில் பாதிப் பேரை ஊருக்குக் கப்பலேற்றிவிட்டார்கள். மிச்சம் இருந்தவர்களுக்கு அப்பா தம் கையிலிருந்து அரிசி போட்டார். அம்மாவின் அட்டிகை போன இடம் இப்போதுதான் எனக்கே தெரியும். அந்தப் பத்து வெள்ளியை அவர் எப்படிச் சேர்த்தார் என்று சொன்னால் நீங்கள் அழுவீர்கள். ஆகவே சொல்லவில்லை. ஐம்பது வேண்டும் என்று நான் வாய்விட்டுச் சொல்லியிருந்தால், "எனக்கு முடியாதும்மா, வேற ஆளு பாக்கச் சொல்லு" என்று அன்றைக்கே சொல்லியிருப்பார். அதில் என் தப்பும் உண்டு.

ஆனால் உங்களுக்கு வேறு வழியே இல்லையா? பக்கத்தில் சைபுதீன் பாய் உட்கார்ந்திருந்தாரே. அவர் நம் வழக்கத்துக்குள் இல்லாதவர். அவர் பதினொன்று என்ன, நூற்றொன்று எழுதியிருந்தாலும் அப்பா சிரித்துக்கொண்டே வெற்றிலை மடித்துக் கொடுத்திருப்பார். அதே பட்டியலை அந்தப் பக்கம் தள்ளியிருந்தால் சாவடியும் பிழைத்திருக்கும், நானும் பிழைத்திருப்பேன். படித்தவருக்கு இது தோன்றவில்லை.

அன்று ராத்திரி அப்பா சாப்பிடவில்லை. "மருமவன் எழுதியிருந்தா தாங்கிக்குவேன். எழுதினது எங்க அக்கா மவன். தோள்ல தூக்கிட்டு வந்த பய" என்றார். இப்போது அவர் சொல்வது ஒன்றே ஒன்று. "வந்து கூப்பிட்டா அனுப்புறேன். வராட்டி எம் மவளுக்கு இங்கே சோறு இருக்கு."

முப்பதாம் நாள் பெயர் வைக்கவில்லை. பெற்றவர் வராமல் வைக்கக் கூடாது என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். வந்து கூப்பிடுங்கள் அத்தான். காலில் விழ வேண்டாம். வாசலில் நின்று, "மாமா, நீலாவைக் கூட்டிட்டுப் போக வந்தேன்" என்றால் போதும்.

உங்கள்
நீலாவதி


லுக்குட்,
6-6-1934

அன்புள்ள நீலாவுக்கு,

மூன்று மாதமாக எழுதவில்லை என்று திட்டாதே. எழுத உட்கார்ந்தால் கோபமாக வருகிறது, கிழித்துவிடுகிறேன்.

சாவடி வேலை நடக்கிறது. நடக்கிறது என்றால் நான் நடக்கிறேன். ஓடு தருகிறேன் என்ற சீன முதலாளி தவுக்கை மூன்று தவணை சொல்லிவிட்டான். சுண்ணாம்பு அரைக்க வந்த ஆட்கள், பழைய சுவரைத் தட்டிப் பார்த்து, "இதை இடிச்சுட்டுப் புதுசாக் கட்டலாமே" என்கிறார்கள். இடிப்பதற்கா இத்தனை பேரிடம் கையேந்தினேன்? மெம்பர் ஒருவர் வாரா வாரம் வந்து தூணைத் தடவிப் பார்த்து, பச்சை வர்ணம்தான் அடிக்க வேண்டும் என்கிறார். அவர் இன்னும் ஒரு காசு தரவில்லை. வேறொருவர் பணம் தர மாட்டாராம், பெயர் மட்டும் பெரிதாகப் போட வேண்டுமாம். பாய் மட்டும் இல்லாவிட்டால் நான் என்றைக்கோ பட்டியலைக் கடலில் போட்டிருப்பேன்.

உபயக் கல் ஒன்று வைக்கிறோம். கொடுத்த தொகைப்படி மேலிருந்து கீழே பெயர்கள். அதுதான் நியாயம், யாரும் குறை சொல்ல முடியாது. லோபாக்கில் சமாதிக் கல் வெட்டுகிற சீனர் ஒருவர் ஒத்துக்கொண்டிருக்கிறார். தமிழ் தெரியாது, நாம் எழுதிக் கொடுத்ததை அப்படியே பார்த்து வெட்டுவார்.

நீ முனியாண்டியைத் துணைக்கு வைத்துக்கொண்டு ரயிலேறி வந்துவிடேன். சிரம்பான் ஸ்டேஷனில் நான் வந்து நிற்கிறேன். மாமா வாசலில் வந்து நிற்க மட்டும் என்னால் முடியாது. ஒரு வெள்ளிக்காக நாலு பேர் முன்னால் துண்டை உதறிவிட்டுப் போனவர் அவர்.

உன்
தங்கராஜு


பெடாஸ்,
15-6-1934

அத்தானுக்கு,

நான் ரயிலில் ஏற்றி அனுப்புகிற ரப்பர் மூட்டை இல்லை. பிள்ளை பெற வந்த பெண்ணைக் கட்டினவன் வந்து கூட்டிப் போவதுதான் முறை. கூப்பிடாத வீட்டில் நானாக வந்து நுழைந்தால் நாளைக்கு நீங்களே ஒரு கோபத்தில் அதைச் சொல்லிக் காட்டுவீர்கள். எனக்கு உங்களைத் தெரியும்.

கல்லைப் பற்றி அப்பாவுக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். தம் பத்து வெள்ளி உங்கள் பதினொன்றுக்கு அடுத்த வரியில்தான் வரும் என்று அவருக்குத் தெரிகிறது. "மாயாண்டிக்குக் கீழே போடட்டும். கோழி கொடுத்தவனுக்குக் கீழே போடட்டும். அவன் பேருக்குக் கீழே மட்டும் வேணாம்" என்கிறார். உங்கள் பெயரை எடுத்துவிடுங்களேன். ஒரு வரிதானே.

பாப்பா குப்புற விழுகிறாள். லயத்துப் பெண்கள் அவளைச் சாவடிக்குட்டி என்று கூப்பிட ஆரம்பித்திருக்கிறார்கள். அவளும் அதற்குத் திரும்பிச் சிரிக்கிறாள். நான் சிரிக்கவில்லை.

நீலாவதி


லுக்குட்,
2-8-1934

அன்புள்ள நீலாவுக்கு,

கல் வெட்டியாகிவிட்டது. உன் கடிதம் வந்தபோதே சீனர் பாதி வெட்டியிருந்தார். அவசரப்பட்டிருந்தால் நிறுத்தியிருக்கலாம், பொய் சொல்ல மாட்டேன். ஓடி ஓடித் தேய்ந்தவன் நான், என் பெயர் அதில் இருக்கக் கூடாதா என்று மனசு அடம் பிடித்தது. இப்போது கல் சுவரில் ஏறிவிட்டது. எடுத்தால் சுண்ணாம்புப் பூச்சும் சேர்ந்து பெயர்ந்து வரும்.

வருகிற பத்தொன்பதாம் தேதி ஞாயிறு திறப்பு. மாமாவுக்கு அச்சடித்த அழைப்பு அனுப்பியிருக்கிறேன். எல்லாக் கங்காணிகளுக்கும் அதேதான் அனுப்பினோம். நீ படித்துக் காட்டு. வந்தால் முன்வரிசையில் உட்கார வைக்கிறேன்.

எல்லாரும் என்னை மெச்சுகிறார்கள் நீலா. கடைத்தெருவில் நடந்தால் கும்பிடுகிறார்கள். வீட்டுக்கு வந்தால் அடுப்பில் சாம்பல். சட்டைப் பொத்தான் விழுந்தால் தைக்கத் தெரியாமல் குண்டூசி குத்திக்கொள்கிறேன். பாய் வீட்டிலிருந்து சோறு வருகிறது. அந்தச் சோற்றோடு, "உங்க மகளைப் பார்த்தீங்களா?" என்று அவர் சம்சாரம் ஹபீபுன்னிசா ஒவ்வொரு நாளும் கேட்டனுப்புகிறார்கள். பதில் சொல்ல வெட்கமாக இருக்கிறது. இருந்தும் அந்த ரயிலில் ஏற முடியவில்லை. ஸ்டேஷன்வரை இரண்டு தடவை போய்த் திரும்பினேன். ஏன் என்று கேட்டால் எனக்கே சொல்லத் தெரியவில்லை. அந்தக் கோயில் முற்றத்தில் எல்லாரும் பார்த்தார்களே, அதுதான்.

நீ வர வேண்டும். நீ வந்தால் எல்லாம் சரியாகிவிடும்.

உன்
தங்கராஜு


லுக்குட் சாவடி,
23-8-1934

அத்தானுக்கு,

மேலே எழுதியிருக்கிற இடத்தைப் பார்த்துப் பதற வேண்டாம். சாவடிக் காவல்காரி பஞ்சாலை என்பவளிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். நீங்கள் ஆபீசு விட்டு வருகிற நேரத்தில் வீட்டில் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

அச்சடித்த அழைப்பைப் படித்துக் காட்டினேன். அப்பா வாங்கி மடித்து வைத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை துண்டைப் போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்தார், போகவில்லை. சாயங்காலம் நான் சொன்னேன்: "அப்பா, நான் லுக்குட் போறேன். அவர் வீட்டுக்கு இல்லே. சாவடிக்கு. அங்கே யார் வேணும்னாலும் போகலாம். உங்க பத்து வெள்ளியும் அதிலே இருக்கு." நேற்றுக் காலையில் எழுந்து பார்த்தால் எனக்கு முன்னால் குளித்துவிட்டு நின்றுகொண்டிருந்தார். துணைக்குத்தான் வருகிறாராம், விட்டுவிட்டுப் போய்விடுவாராம். இன்னும் போகவில்லை. மேலக்கோடித் தூணில் சாய்ந்து பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டிருக்கிறார்.

வந்ததும் அவர் கேட்டது கல்லைத்தான். அவருக்குப் படிக்கத் தெரியாதே. "உம் புருசன் பேரு எது?" என்றார். காட்டினேன். விரலை அதன்மேல் வைத்து எழுத்து எழுத்தாகத் தடவினார். வெகுநேரம் தடவினார். "எம் பேரு?" என்றார். அதுக்குக் கீழே அப்பா என்று பயந்துகொண்டே அவர் விரலை நகர்த்தினேன். "கிட்டத்தான் இருக்கு" என்றார்.

ராத்திரி நல்ல மழை. பினாங்கு போகிற ஒரு குடும்பமும் நாங்களும் படுத்திருந்தோம். நான் தூங்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டே கிடந்தேன், எங்காவது ஒரு சொட்டு விழாதா, காலையில் உங்களைக் கேட்க ஒரு கேள்வி கிடைக்காதா என்று. விழவில்லை. கட்டடம் நன்றாக இருக்கிறது அத்தான். அத்தை காய்ச்சலில் கிடந்த இடம் எது என்று தெரியவில்லை, எங்கே படுத்தாலும் அதுவாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். இதை எழுதிவிட்டதால் கோபம் தீர்ந்தது என்று நினைத்துவிடாதீர்கள். ஆறு மாதக் கோபம் ஒரு மழையில் கரையாது.

இங்கிருந்து நம் வீட்டுக் கூரை தெரிகிறது. ஆனால் நான் எழுந்து வர மாட்டேன். அப்பா காலில் விழச் சொல்லவில்லை, கல்லைப் பெயர்க்கச் சொல்லவில்லை. நீங்கள் பெடாஸ் வரை வரவும் வேண்டாம், கடைத்தெருவைத் தாண்டி வந்தால் போதும். என்னையும் பிள்ளையையும் கூப்பிடுங்கள். அப்பாவை நீங்கள் கூப்பிடாவிட்டாலும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்துவிடுவார் என்று நினைக்கிறேன். கூப்பிட்டால் நல்லது. நாளை மத்தியான ரயில்வரைக்கும் இருப்போம். அதற்குள் யாரும் வராவிட்டால் திரும்பிப் போகிறேன். அப்புறம் என்னால் இன்னொரு தடவை வர முடியாது.

கல்லில் இருக்கிற பெயர்களையெல்லாம் படித்துவிட்டேன். பணமே தராதவர் பெயர்கூட இருக்கிறது. யாருக்கு மேலே யார் என்று இந்த ஊரே ஆறு மாதமாக அடித்துக்கொண்டது. உங்கள் மகளுக்கு இன்னும் பெயர் இல்லை அத்தான்.

கையில் ஒன்றும் கொண்டுவர வேண்டாம். ஒரு பெயரோடு வாருங்கள்.

நீலாவதி